கோகிலா கையிலிருந்த ஸ்பேனர்

எங்கள் பாவடித் தெருவில் கரண்ட் இல்லாத வேளையிலும் விசைத்தறி ஓடியதென்றால் அது என் தம்பி மகள் கோகிலாவின் வலது கையால் ஓடியது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் சொல்லும்போது அதை அம்மன் கொடுத்த வரம் என்பார்கள், அந்தப் பிள்ளை நாக்கைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்ததைச் சொல்ல மாட்டார்கள், அப்படி ஓடிய தறியை நிறுத்தியவன் நாச்சிமுத்து என்று என் பேரை மட்டும் காறித் துப்பிவிட்டுச் சொல்வார்கள். துப்பட்டும். நானும் அவர்களைப் பற்றி மறக்காமல் வைத்திருக்கிறேன்.

எனக்கும் என் தம்பி வையாபுரிக்கும் பேச்சு கிடையாது. அப்பா செத்துக் கருமாதி முடிந்த கையோடு தறிக்கூடத்தை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார்கள். சன்னல் இருந்த கிழக்குப் பாதி அவனுக்கு, பட்டப்பகலில் பல்பு போட்டால்தான் நூல் தெரியும் மேற்குப் பாதி எனக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பா கடைசிவரை இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனர், பிடி தேய்ந்து தேய்ந்து அவர் உள்ளங்கைக்கு ஏற்றபடி வளைந்துபோன ஸ்பேனர், தகப்பன் கை ஆயுதம் மூத்தவனுக்கு என்பது எங்கள் தெரு வழக்கமாக இருந்தும், அதையும் அவனே எடுத்துச் சன்னல் ஓரத்து ஆணியில் மாட்டிக்கொண்டான். அன்றைக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தது தெருவுக்குப் பெரியதனக்காரனாக இருந்த அர்த்தனாரியின் அப்பன். "ஒரு துண்டு இரும்புக்கா இத்தன பேச்சு, அதைப் பொறகு பாத்துக்கலாம் போ" என்றான். அந்தப் பொறகு வருவதற்குள் அவனும் செத்து, தெருவின் பெரியதனம் அவன் மகன் அர்த்தனாரிக்கு வந்துவிட்டது.

பேச்சு இல்லையென்றாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். அவன் தன் பக்கம் கட்டியிருந்த கிடாயிடம் சொல்வான், நான் என் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியிடம் சொல்வேன். "மேக்கால இருந்து சாக்கடை வருது, கேக்க நாதியில்ல" என்று அவன் கிடாயிடம் சொன்னால், "சன்னல் கெடச்சவனுக்கு மூக்கும் நீளமாப் போச்சு" என்று நான் தொட்டியிடம் சொல்வேன். நோம்பிக்கு நோம்பி கிடாய்கள் மாறின, சுவர் மாறவில்லை.

அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தவள் கோகிலா ஒருத்திதான். என் வீட்டுக்காரி போன பிறகு ஒண்டியாகக் கிடந்தவனுக்குக் கிண்ணத்தில் குழம்பை எடுத்துக்கொண்டு வருவாள், "பெரீப்பா, அம்மா குடுக்கச் சொல்லல, அப்பாவுக்குத் தெரியாது, நானாத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்பாள், அவள் அம்மா சரசா உப்புப் பார்த்து ஊற்றிக் கொடுத்தது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். காலேஜ் முடித்திருந்தாள். ஈரோட்டில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

கரண்ட் பாதி நாள் வராத வருசம் அது. தறிக்காரர்கள் எல்லோரும் பாவு நூலைத் தறியிலேற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்து ஆடு புலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், கோகிலாவுக்கு முதலில் தலைவலி என்றார்கள், லேசான காய்ச்சல் என்றார்கள், பிறகு தூக்கமே வரவில்லை என்றார்கள். அப்புறம் அவள் பெற்றவளையே யாரோ போலப் பார்த்து "நீங்க எந்த ஊருங்க" என்று கேட்டாள், ஒன்றுமில்லாததற்குச் சிரித்தாள், வெற்றிலை போட்டவள்போல் வெறும் வாயை மென்றுகொண்டே இருந்தாள். காத்துக் கருப்பு என்றார்கள் சிலர். எவனையோ நினைத்துக்கொண்டு கிடக்கிறாள் என்றார்கள் பலர், அவர்களெல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள், ஒறம்பரைகள்தான்.

ஒரு மத்தியானம் அவளுக்கு வலிப்பு வந்தது. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம், சாவிக்கொத்தோ அரிவாளோ கைக்கு எது கிடைக்கிறதோ அதைக் கொடுப்பார்கள். "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று சரசா கத்த, வையாபுரி சன்னல் ஓரத்து ஆணியிலிருந்து எங்கப்பன் ஸ்பேனரை எடுத்து மகள் கையில் திணித்தான். விரல்கள் அதைப் பூட்டுப்போல் இறுக்கிக்கொண்டன. வலிப்பு நின்றது, கை மட்டும் நிற்கவில்லை. மேலே போனது, பக்கவாட்டில் சுண்டியது, கீழே வந்தது, திரும்பவும் மேலே போனது. அப்போது கரண்ட் இல்லாத வையாபுரியின் கூடத்தில் ஒரு தறி டக்கென்றது, அடுத்து என் பக்கத்துத் தறி டக்கென்றது, அப்புறம் சத்தம் வீடு வீடாகத் தாண்டித் தெருக்கோடி வரைக்கும் போக, அவள் கை சுண்டும் போதெல்லாம் பாவடித் தெருவின் தறி அத்தனையிலும் ஊடை நூலைச் சுமந்த நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்தது.

ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். யாரும் வாயில் கை வைத்து நிற்கவில்லை, ஏனென்றால் ஓடுகிற தறியை ஆளில்லாமல் விட்டால் நூல் அறுந்து துணி பாழாகும், அவரவர் கூடத்துக்கு ஓடினார்கள். அர்த்தனாரி முதலில் கேட்டது, "ஊடைக்கு நூல் சுத்தி வெச்சிருக்குதா" என்பதுதான். பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று சாயங்காலம் தறி ஓய்ந்த இடைவெளியில் கேட்டான்.

அதற்குப் பிறகு அது தெருவின் காரியமாகிவிட்டது. கிழக்குப் பாதியில் அவள் படுத்திருந்தால் தெருக்கோடித் தறிகள் கொஞ்சம் பிந்துகின்றன என்று கண்டுபிடித்து, கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து மாரியம்மன் கோயில் வாசலில் பந்தல் போட்டுக் கிடத்தினார்கள். வேப்பிலை கட்டினார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள், அவள் குடித்தாளா என்பதை முறைக்காரி பார்க்க வேண்டியதில்லை, கொண்டுவந்தால் போதும். கை வெசையாக ஓடும் நாளில் நூல் அறும் என்பதால் தடித்த நூலுக்கு மாறினார்கள். சில வேளை அவள் கட்டையைப்போல் விறைத்துப் போவாள், கண் திறந்திருக்கும், கை அந்தரத்தில் நிற்கும், அப்போது நாடாக்கள் பாதி வழியில் நிற்க, ரயில்வே கேட்டில் நிற்பவர்களைப்போல் எல்லோரும் தறியில் சாய்ந்துகொண்டு பல் குத்தியபடி காத்திருப்பார்கள், கை அசைந்ததும் மறுபடியும் வேலை. கரண்ட் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து மீட்டர் மீட்டராகப் பார்த்தார். "மீட்டரு ஓடலீங்க, அப்ப எனக்கு இங்க வேலையில்லீங்க" என்று டீ குடித்துவிட்டுப் போனார்.

பக்கத்து ஊர்த் தறிக்காரர்கள் பழத்தட்டோடு வந்தார்கள். ராத்திரிக்கு மட்டும் கட்டிலைத் தங்கள் தெருவுக்குத் தூக்கிப்போய்க் காலையில் பத்திரமாகக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்கள். "அது என்ன தேரா, வீதிவீதியா இழுக்கறதுக்கு" என்று அர்த்தனாரி பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பினான். பள்ளிபாளையத்திலிருந்து ஒரு தறி முதலாளி தன் மகனுக்குப் பெண் கேட்டே வந்துவிட்டார். பெண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குப் பொறகும் கை ஓடுமுங்களா" என்று கேட்டார்.

"அதெப்பிடீங்க இப்பவே சொல்றது. புகுந்த வீட்டுல பொண்ணுங்க கை ஓடாம இருந்து நான் பாத்ததில்ல" என்றாள் கூட்டத்திலிருந்த ஒரு கிழவி. எல்லோரும் சிரித்தார்கள். சரசா சிரிக்கவில்லை.

ஆடி பிறக்கும்போது துணியில் புள்ளி விழ ஆரம்பித்தது. வெள்ளை வேட்டி, எந்தத் தறியில் அவிழ்த்தாலும் முழத்துக்கு முழம் ஒரு செம்புள்ளி, கடுகளவுதான், துவைத்தாலும் போகவில்லை. எண்ணெய்க் கறை என்றார்கள், நூலின் குற்றம் என்றார்கள். அவள் நாக்கைக் கடிக்கும் போதெல்லாம் விழுகிறது என்பதைக் கஞ்சி கொண்டுபோன பெண்கள்தான் கண்டு வந்து சொன்னார்கள். அன்றைக்கு ஊர் கூடியது. நான்கூட, இனிமேலாவது பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கூடிப் பேசி, வேட்டி நெய்வதை விட்டுவிட்டுத் தெரு முழுக்க அரக்குக் கலர் லுங்கி போடுவதென்று முடிவு செய்தார்கள். அரக்கில் புள்ளி தெரியவில்லை.

மறுநாள் சரசா சுவரைச் சுற்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். இத்தனை வருசத்தில் அதுதான் முதல் தடவை.

"மாமா, புள்ள தண்ணிகூட முழுங்க மாட்டேங்குது. மூச்சு வாங்கறப்ப விக்குது."

"கோயமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு என்ன."

"அவரு கேட்டாருங்க. யாரும் வேண்டாம்னு சொல்லல. ஆர்டரு முடியட்டும்னாரு அர்த்தனாரியண்ணன். செவ்வாக்கிழமை வேண்டாம்னாங்க. வேன்காரப் பையனுக்கும் ரெண்டு தறி ஓடுதுங்க, அவன் டயருல காத்து இல்லேங்கறான். கையில இருக்கற இரும்பையாச்சும் எடுக்கலாம்னு பாத்தேன், அம்மனுக்கு ஆகாதுன்னு கையத் தொட உடமாட்டேங்கறாங்க."

யாரும் போகாதே என்று தடுக்கவில்லை, அதுதான் எங்கள் தெரு. தடுத்திருந்தால் அடித்துக்கொண்டாவது போயிருக்கலாம்.

அவள் போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் வையாபுரி கிடாயிடம் பேசுவது கேட்டது. "பெத்தவன் நான் என்ன பண்ணட்டும். அத்தன வீட்டுலயும் அவளாலதான் ஒலை கொதிக்குது. எல்லாத்துக்கும் மண்ணள்ளிப் போட்டுட்டு எப்பிடித் தூக்கிட்டுப் போறது."

"ஊருக்கே ஒலை வெக்கறவ வாயில ஒரு பருக்கை எறங்கல" என்றேன் தொட்டியிடம். "இதைச் சொல்லத் தெரியாதவனுக்கு எதுக்கு நாக்கு."

 அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. அவன் அழுதால் எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று ரொம்ப வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

எங்கள் தெருவில் பழைய முறை ஒன்று உண்டு. பங்கில் தனக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று ஒருவன் கோயில் படியில் சூடம் ஏற்றிக் கேட்டால், அதைத் தீர்த்து வைக்கும்வரை தெருவில் யாரும் புதுப் பாவு ஏற்றக் கூடாது. பயந்துகொண்டு அதை யாரும் செய்வதில்லை. நான் செய்தேன். வெள்ளிக்கிழமை உச்சிப் பூசைக்கு எல்லோரும் கூடியிருக்கும்போது, கோகிலாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, படியில் சூடத்தை வைத்துக் கொளுத்தினேன்.

"எங்கப்பன் ஸ்பேனரு எனக்கு வேணும்" என்றேன்.

அர்த்தனாரிக்கு முதலில் விளங்கவில்லை. "செத்தவரு ஸ்பேனரு இப்ப எதுக்குங்கண்ணா."

"தகப்பன் கை ஆயுதம் மூத்தவனுக்கு. உங்கப்பன் பொறகு பாக்கலாம்னான். இது அந்தப் பொறகு."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "நாச்சிமுத்து மாமன் பாடையில போறப்பவும் ஸ்பேனரு கேட்டுட்டுத்தான் போவாரு" என்றான் வேன்காரப் பையன். "பீரோச் சாவியக் கேட்டாலும் நாயம், ஸ்பேனரையா கேக்கறது" என்றாள் ஒருத்தி. நான் சூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கஞ்சத்தனம், வன்மம், கிறுக்கு என்று என்னென்னவோ சொன்னார்கள், எல்லாம் எனக்குப் பழகிய பேர்கள்.

ஆனால் அரக்கு நூல் பாவு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. அது ஏறியாக வேண்டும். ஒதுங்கிப் போய்ப் பேசினார்கள். சக்தி இரும்பிலா பிள்ளையிலா என்று ஒருவன் கேட்க, "துருப்புடிச்ச இரும்புல என்ன சக்தி இருக்குது, அம்மன் எறங்கியிருக்கறது புள்ள மேல. புது ஸ்பேனரு ஒண்ணைக் குடுத்தாப் போவுது" என்று அர்த்தனாரி முடிவு சொன்னான். கடைக்கு ஆளனுப்பிப் பளபளவென்று ஒன்று வாங்கி வந்து, மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, அம்மன் காலடியில் வைத்து எடுத்தான். "உங்களுது நீங்களே எடுத்துக்குங்க. ஆனா கையக் கிய்ய ஒடச்சுப் போடாதீங்க" என்றான்.

நான் கட்டில் ஓரத்தில் குனிந்தேன். பிள்ளை அடையாளம் தெரியாமல் வற்றியிருந்தாள். வாய் மென்றுகொண்டிருந்தது, கண் எங்கேயோ இருந்தது, கை சுண்டிக்கொண்டிருந்தது, தெருவெல்லாம் தறிச் சத்தம்.

"பெரீப்பா வந்திருக்கறேன் கண்ணு. இது உங்க தாத்தன் ஸ்பேனரு. எனக்குச் சேர வேண்டியது. குடுத்துரு."

அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. அவள் கையோடு சேர்த்து என் கையும் மேலே போய், சுண்டி, கீழே வந்தது, கொஞ்ச நேரம் இரண்டு பேருமாகத் தெருவின் தறிகளை ஓட்டினோம். அப்பாவின் உள்ளங்கைக் குழிவு என் உள்ளங்கையில் பொருந்தியது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

எல்லாத் தறியும் ஒரே நொடியில் நின்றன. வெறுங்கை மட்டும் சுண்டிக்கொண்டே இருந்தது. அர்த்தனாரி புது ஸ்பேனரை வைத்தான், அது நழுவிக் கீழே விழுந்தது. கடப்பாரையை வைத்தார்கள், விழுந்தது. சாவிக்கொத்து, அரிவாள், கடைசியில் அம்மன் சூலத்தையே பிடுங்கிவந்து வைத்தார்கள், அதுவும் விழுந்தது. அத்தனை நாளாகத் தறிச் சத்தத்தில் கேட்காமல் இருந்தது அப்போதுதான் தெருவுக்குக் கேட்டது, பிள்ளை பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். பச்சைத் தேங்காயை அரிவாள்மணையில் வைத்துத் துருவுவதுபோல் இருந்தது. கஞ்சி கொண்டுவந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். இதற்கு மேல் அவளை வைத்துக்கொள்ள யாருக்கும் காரணம் இல்லை. வேன் டயரில் காற்று இருந்தது.

கோயமுத்தூரில் அவளைப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்துவிட்டு என்னையும் வையாபுரியையும் நிற்க வைத்துச் சொன்னார். நோய் வந்தால் சண்டை போடுவதற்கென்று உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறதாம். அந்தக் காவல் சொந்த மூளையையே பகை என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் வாயும் கையும் சொன்னபடி கேட்காமல் தானாக ஓடுகின்றன என்றார்.

"சொந்த ஒடம்பையே எதுக்குங்கம்மா அடிக்குது" என்று கேட்டான் வையாபுரி.

வயிற்றுக்குள் சூலகத்தில் ஒரு கட்டி இருக்கிறது, அதற்குள் முடி, பல், மூளைச் சதை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் முளைத்திருக்கிறது, அதை அன்னியம் என்று அடிக்கப் போன காவல் பழக்கத்தில் சொந்த மூளையையும் அடிக்கிறது என்றார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றும் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வையாபுரியும் தரையைத்தான் பார்த்தான்.

கட்டியை எடுத்தார்கள். ரத்தத்தைச் சலித்துச் சலித்து உள்ளே விட்டார்கள். கை ஓய்ந்தது, பிறகு வாய் ஓய்ந்தது, பிறகு ரொம்ப நாள் ஒன்றுமே இல்லாமல் கிடந்தாள், ஒரு காலையில் சரசாவைப் பார்த்து "அம்மா" என்றாள். கரண்டி பிடிப்பதற்கும் நடப்பதற்கும் மறுபடியும் பழகினாள். பந்தலில் கிடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. அது அவளுக்கு நல்லது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

கரண்ட் இல்லாமல் தறி ஓடியதை நம்பிய தெரு, கட்டிக்குள் பல்லும் முடியும் இருந்ததை நம்பவில்லை. "கல்யாணமாகாத புள்ள வயித்துல பல்லு மொளச்சுதாமா, யாரு காதுல பூ சுத்தறது" என்றார்கள். டாக்டர் சீட்டைச் சரசா வீடு வீடாக எடுத்துப்போய்க் காட்டினாள். படித்தவர்கள் படித்துவிட்டு, சரிதான் என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்து, அவள் தலை மறைந்ததும் அதையேதான் பேசினார்கள். பள்ளிபாளையத்து முதலாளி அதன் பிறகு வரவில்லை. எனக்குக் கல்யாணப் பத்திரிகை வைப்பதை எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். கரண்ட் போகும்போதெல்லாம் ஆட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என் வாசலைப் பார்த்துத் துப்புவார்கள்.

வையாபுரி கிழக்குப் பாதியில் இரண்டு தறிகளை விற்று ஒரு பழைய வேன் வாங்கி நிறுத்திக்கொண்டு ஓட்டப் பழகினான். யாரிடமும் எதற்கென்று சொல்லவில்லை. எங்களுக்குள் பேச்சு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான், நான் சன்னலைப் பார்த்துச் சொன்னேன், வீட்டுக்கு வந்ததும் அவனுக்குக் கிடாய், எனக்குத் தொட்டி. கோகிலா மட்டும் கிண்ணத்தோடு வந்தாள், கை லேசாக ஆடக் குழம்பு ததும்பும். "பெரீப்பா, அந்த ஸ்பேனர என்னதான் பண்ணுனீங்க, காட்டுங்க" என்பாள். நான் காட்டவில்லை. தகரப் பெட்டியில் பழைய வேட்டிக்குள் சுற்றிப் பூட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தேன். வியாதி திரும்பி வந்தாலும் வரலாம், கவனமாக இருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

போன புரட்டாசியில் ஒரு மத்தியானம் கரண்ட் இல்லை. தெரு அடங்கிக் கிடந்தது. நான் படுத்திருந்தேன், கட்டிலுக்கடியில் பெட்டி டக்கென்றது. எலி என்று நினைத்தேன். மறுபடியும் டக்கென்றது. அந்தத் தாளம் எனக்குத் தெரியும், அதோடு சேர்ந்து என் கையும் ஓடியிருக்கிறது.

எழுந்து சுவரோரம் போனேன். பழக்கத்தில் தொட்டியின் பக்கம் திரும்பினேன். தொட்டியிடம் சொல்லி, அது சுவர் தாண்டி, அவன் கேட்டும் கேட்காததுபோல் இருந்து, பிறகு கிடாயிடம் பதில் சொல்லி வருவதற்கு நேரம் இல்லை.

"வையாபுரி" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"அண்ணா."

"புள்ள எங்கிருக்குறா. கையப் பாரு."

அவன் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "வாய மெல்றாண்ணா. கேட்டா இல்லேங்கறா."

"வண்டிய எடு."

சரசா கோகிலாவைப் பின்னால் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினேன், அதைத் தெருவில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. வேன் நகர்ந்தது. மடியில் பெட்டி தட்டிக்கொண்டே வர, நாங்கள் கடக்கும் கூடத்தில் எல்லாம் தறி ஒரு தரம் டக்கென்றது, ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. ஆட்டத்தைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன், ரொம்ப நாள் கழித்துப் பிள்ளை ஊருக்கு வந்தால் வருகிற மாதிரியான வெளிச்சம், யாரையும் வெறுக்கிற முகங்களே அல்ல. அர்த்தனாரி கையைத் தூக்கிக்கொண்டு நடுத் தெருவில் வந்து நின்றான். "என்னங்கண்ணா, புள்ளைக்கு மறுபடியுமா. எறக்குங்க, எறக்குங்க, கஞ்சி வெக்கச் சொல்றேன்" என்றான், அவ்வளவு பிரியமாகச் சொன்னான்.

நான் பெட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தம்பியின் முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது. அர்த்தனாரிக்கு எதிரில் அவன் ஒரு நாளும் நிமிர்ந்து நின்றதில்லை.

ஹாரனில் கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை, வேனையும் நிறுத்தவில்லை.